பிள்ளை யாரிடம் ஓடுகிறது

எங்கள் கடற்கரைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் பொம்மை ரயிலை. அதற்கடுத்து ராட்டினம், மீன் காட்சிச்சாலை, மிதிபடகுக் குளம். ராட்டினத்துக்கும் மீன் காட்சிச்சாலைக்கும் நடுவே பத்துக்கு எட்டில் ஓர் அறை இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளையைத் தொலைத்தவர்களுக்குத்தான் அந்த அறை கண்ணில் படும். அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை மைக் அக்கா என்போம்.

அக்கா முன்பு பேருந்து நிலையத்தில் பதினோரு வருடம் வண்டி எண்ணும் ஊர்ப் பெயரும் சொன்னவள். அங்கே பதிவு செய்த குரலைப் போட்டுவிட்டார்கள். இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் தையல்காரர். மதியச் சாப்பாட்டை அவர்தான் சைக்கிளில் கொண்டுவருவார். "வீட்டுல மைக் இல்ல, அதனால பேச்சும் இல்ல" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வார். அக்கா அதற்கும் பேசாமல் டிபன் கேரியரைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.

நான் கோபக்காரன், மறைக்க ஒன்றுமில்லை. ரயிலில் உட்கார்ந்தபடி தினமும் பார்க்கிறேன். பிள்ளை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், தகப்பன் அலையைப் படம் பிடித்துக்கொண்டிருப்பான். அடப்பாவி, அலை எங்கே போய்விடப் போகிறது? நாளைக்கு வந்தாலும் அங்கேதானே இருக்கும்! பிள்ளை அப்படியா? நானாக இருந்தால் தேடி வருகிற ஒவ்வொருவரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுத்தான் அனுப்புவேன். அக்கா கேட்டதில்லை. அவர்கள் பாதி உயிரோடுதான் வந்து நிற்கிறார்கள், மீதியையும் நான் எடுக்க வேண்டுமா என்பாள்.

அவள் வேலைக்கு என்று சில முறைகள் இருந்தன. பிள்ளையின் பெயரை மைக்கில் சொல்ல மாட்டாள், உடுப்பின் நிறம் மட்டும்தான் சொல்வாள். பெயர் தெரிந்தால் எவன் வேண்டுமானாலும் வந்து கூப்பிட்டுவிடலாம். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தவும் மாட்டாள், வேலை கொடுப்பாள். பழைய தாளும் தேதி முத்திரையும் கொடுத்துக் குத்தச் சொல்வாள். பத்துத் தாள் முடிவதற்குள் அழுகை நின்றுவிடும்.

யாராவது தேடி வந்தால் பிள்ளை உள் தடுப்புக்குப் பின்னால் போய்விடும். வந்தவர் அடையாளம் சொல்ல வேண்டும், மச்சம், தழும்பு, விழுந்த பல், எல்லாம். சொன்னதற்கு அப்புறமும் கொடுக்க மாட்டாள். தடுப்புக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். பிள்ளை ஓடுகிறதா, நிற்கிறதா, ஓடினால் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பாள். "மச்சத்தை யாரும் பார்த்து வச்சுக்கலாம் தம்பி. ஓட்டத்தை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது" என்பாள். பதினேழு வருடத்தில் அந்த ஓட்டம் ஒருமுறைகூட அவளை ஏமாற்றியதில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு, எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாலை ஐந்து மணி வாக்கில் படகுக்காரர் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார். ஐந்து வயது, மஞ்சள் கவுன், ஒரு செருப்பில் வார் அறுந்திருந்தது. அக்கா அறிவிப்புச் சொன்ன ஏழாவது நிமிடம் ஒருவர் வந்தார். அமைதியான ஆள். வலது காது மடலுக்குப் பின்னால் மச்சம், கீழ்வரிசையில் ஆடுகிற பல், தூங்கும்போது பிடித்துக்கொள்கிற துணியின் நிறம் என்று ஒன்று விடாமல் சொன்னார். அக்கா கதவைத் திறந்தாள். முத்திரையைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா" என்று பிள்ளை ஓடியது. பதினேழு வருடத்தில் அப்படி ஓர் ஓட்டம் பார்த்ததில்லை என்று அக்கா என்னிடம் பிறகு சொன்னாள். பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட்டார். பிள்ளை அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போனது.

அதே நேரம் நான் ரயிலை எடுத்திருந்தேன். வேலிக்கு வெளியே ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி வீசிக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே நிற்கிற எல்லோரும் ரயிலுக்குக் கை காட்டுவார்கள். நானும் கை காட்டினேன். விசில் ஒன்று அடித்தேன். அடுத்த வளைவிலும் அவள் கூடவே ஓடிவந்து கையை வீசினாள். என்ன ஆசையோ என்று நினைத்து இன்னொரு விசில் அடித்தேன்.

ரயில் நின்றதும் அவள் பெட்டி பெட்டியாகத் தேடினாள். மஞ்சள் கவுன் போட்ட தன் பிள்ளை என் ரயிலில் ஏறிவிட்டதாக நினைத்து, நிறுத்து நிறுத்து என்றுதான் அவ்வளவு நேரம் கையை வீசியிருக்கிறாள். அக்காவின் அறிவிப்பை அவள் காதில் விழாமல் அடித்தது என் விசில்தான். நானே அவளை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா சிரித்த முகமாக, அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார், கவலைப்படாதே என்றாள். அந்தப் பெண் கைக்குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் பிறகு தெரிந்தது. கணவனும் மனைவியும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் அம்மாவிடம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. அப்பா மாதம் ஒருநாள் வந்து பார்க்கலாம். ஒருமுறை கூட்டிப்போய் நாலு நாள் திருப்பி விடாமல் வைத்துக்கொண்டதால், ஆள் துணையோடு ஒரு மணி நேரம்தான் என்று குறைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் வருவதைக் கேள்விப்பட்டு, தூர நின்றாவது பிள்ளையைப் பார்க்கலாம் என்று கடற்கரைக்கு வந்திருக்கிறார். அக்கா மைக்கில் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

போலீஸ் மூன்று தடவை வந்தது. அக்கா யாரையும் காரணம் காட்டவில்லை. மச்சம் சொன்னார், பிள்ளை ஓடியது என்று ஒரு வார்த்தை தன் பக்கம் பேசவில்லை. நான்தான் கொடுத்தேன் என்றாள், அவ்வளவுதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கையில் ஏதோ வாங்கிக்கொண்டு கொடுத்திருப்பாள் என்று ஜூஸ் கடைக்காரன் பேசினான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன், நாலு பேர் வந்து விலக்கினார்கள். உண்மையில் அந்தக் கோபம் அவன் மேல் இல்லை. அவளுக்குக் கை காட்டி விசில் அடித்தவன் நான். அதைப் போலீசிடம் நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அக்காவிடம் சொன்னேன்.

"ரயிலப் பார்த்துக் கை காட்டினா நீயும் காட்டத்தான் செய்வ தம்பி. போய் வேலையப் பாரு" என்றாள்.

பிள்ளை கிடைக்கவில்லை. அக்கா ஒருநாளும் லீவு போடவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதாவது தகவல் வந்தால் இந்த அறைக்குத்தான் வரும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் பழைய அக்கா இல்லை. ஆறாம் நாள் ஒரு தகப்பன் தன் பையனைத் தேடி வந்தார். அடையாளம் எல்லாம் சரியாகச் சொன்னார். அக்கா தடுப்புக் கதவைத் திறக்கவில்லை. அம்மா வரட்டும் என்றாள், அடையாள அட்டை கொண்டுவாருங்கள் என்றாள். உள்ளே அந்தப் பையன் "அப்பா, அப்பா" என்று கதவை அடித்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணி நேரம். கடைசியில் மேனேஜர் வந்து திறந்துவிட்டார். பையனின் கை சிவந்து போயிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தாளை எடுத்து வைக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் பிள்ளை கிடைத்தது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் அப்பாவின் தங்கை வீட்டில் இருந்திருக்கிறது. நகக்கீறல் கூட இல்லை. அத்தை புது உடுப்பு எடுத்துக் கொடுத்து, தலை வாரிவிட்டு, நன்றாகத்தான் வைத்திருந்தாள். போலீஸ் உள்ளே போனபோது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரே தட்டு இருந்ததாம். அடுத்த மாதம் கோர்ட் ஒரே வரியில் சொல்லிவிட்டது, அவர் இனிப் பிள்ளையைப் பார்க்கவே கூடாது. பிள்ளை கிடைத்த சேதி கேட்டபோதே எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது. அக்காவுக்கு இறங்கவில்லை. மாதம் ஒரு மணி நேரமாவது இருந்ததே தம்பி, அதுவும் என்னால் போச்சே என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. கூட்டம் இல்லாத நாள், நான் அந்த அறையில் மின்விசிறியின் பிளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் அந்தப் பெண், கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை. அக்கா எழுந்து நின்றாள். கை கூப்பினாள்.

அந்தப் பெண் உட்காரவில்லை. அக்காவைத் திட்டுவதற்கு நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்ததாகவும், இங்கே வந்ததும் ஒன்றும் வரவில்லை என்றும் சொன்னாள். ஒரு வாரமாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லையாம். மைக் ஆன்ட்டியைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லையாம். எதற்கு என்று கேட்டால் அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்கிறதாம். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று எவனோ சொல்லி வைத்தான். அவன் அன்றைக்கு அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

அக்கா முழங்காலிட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கினாள். என்னடா கண்ணு என்று கேட்டாள். பிள்ளை அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"அன்னைக்கு நீங்க மைக்ல சொன்னதும் எங்கப்பா வந்தாரே. இன்னொரு தடவ சொல்லுங்க."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா மேசை மேல் இருந்த மைக்கைப் பார்த்தாள்.

"இந்த மைக் பீச் வரைக்கும்தான்டா கேக்கும்" என்றாள்.

பிள்ளை அதை யோசித்தது. தலையை ஆட்டிக்கொண்டது.

"அப்ப கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சொல்லிவிட்டு, சின்ன நாற்காலியை இழுத்து வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தது. அம்மா கூப்பிட்டாள், அக்கா கூப்பிட்டாள், நானும் ரயிலில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. அப்பா வந்தால் இங்கேதானே வருவார் என்றது. அதைக் கிளப்பி வீட்டுக்குக் கூட்டிப்போக அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.