லிஃப்ட் அக்கா

புத்தகத்தை அவர் பின்பக்கத்திலிருந்துதான் திறக்கிறார். முன்னுரை, எழுதியவர் பெயர் எதையும் பார்ப்பதில்லை. நேராகக் கடைசியில் பக்க எண்களோடு உள்ள சொற்பட்டியலுக்குப் போய், ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழாக இறக்குகிறார். தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது. உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். நாலைந்து புத்தகங்கள் இப்படிக் கழிந்த பிறகுதான் அன்றைய பாடத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு உட்காருவார். பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பு மேசையிலிருந்து மூன்று வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வயது முப்பத்து நான்கு. குற்றவியலும் சமூகவியலும் சேர்ந்த இளங்கலை, கடைசி ஆண்டு. கூடப் படிக்கிறவர்களுக்கு இருபது, மிஞ்சினால் இருபத்தொன்று. காலை ஆறு மணியிலிருந்து நண்பகல்வரை ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறார். சாம்பல் நிறச் சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே வகுப்புக்கு ஓடிவருவார். பிள்ளைகள் வைத்த பெயர் லிஃப்ட் அக்கா. ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மூட்டுவலி என்னை அந்த மருத்துவமனைக்கு இழுத்துப்போன நாட்களில் அவரை வேலையிலும் பார்த்திருக்கிறேன். மூலையில் ஒரு முக்காலி, மடியில் நகலெடுத்த தாள்கள். தரைத்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிக்குப் போவதற்குள் ஒரு பத்தி. கதவு திறக்கும்போது தாளைக் கவிழ்த்துவிடுவார்.

"ஆபரேஷனுக்குப் போறவங்க கண்ணுல 'கொலையின் வகைகள்'னு தலைப்பு பட்டா நல்லாவா இருக்கும் சார்?"

வாசிப்பு அறையின் கதவைச் சாத்தினால் அவருக்கு ஆகாது. ஏசி வீணாகிறது என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். இவர் எழுந்துபோய் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்துவிட்டு வருவார். "நாள் முழுக்க லிஃப்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு இதென்ன பயம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அங்க பட்டன் என் கையில இருக்கு சார்."

மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வரமாட்டார். "தம்பியப் பாக்கப் போறேன். உள்ள இருக்கான்" என்றார், யாரோ வெளியூரில் வேலையாக இருப்பதைச் சொல்வது போல. ஒரு கிடங்குக் கொள்ளை. நாலு பேர் போனார்கள். தடுக்க வந்த காவலாளி அடிபட்டுச் செத்துப்போனார். தம்பி கிடங்குக்குள் கால் வைக்கவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நின்றிருந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பதினான்கு வருடத் தண்டனையில் ஒன்பது முடிந்திருக்கிறது. சிறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் அந்த வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர்கூட, அக்கா சனிக்கிழமை எங்கே போகிறார் என்று கேட்டதில்லை. கேட்டது எல்லாம் "அக்கா, நோட்ஸ் இருக்கா?" மட்டும்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வகுப்பு நூலகத்தின் சிறிய அறையில் நடந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆய்வேட்டை விரிவுரையாளர் காட்ட விரும்பினார். ஆய்வேடுகளை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் காவலுக்கு நானும் உட்கார்ந்திருந்தேன். கைதிகளின் குடும்பங்களைப் பேட்டி கண்டு எழுதியது. பெயர்கள் கிடையாது, எண்கள்தான். விரிவுரையாளர் ஏழாம் எண் கேஸைச் சத்தமாக வாசித்தார். வயது பத்தொன்பது. கிடங்குக் கொள்ளை, காவலாளி மரணம். வெளியே வாகனத்துடன் காத்திருந்தவர். தாய் தையல் ஆலைத் தொழிலாளி. ஆறு வயதில் இவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போவது தாயின் வழக்கம். தாயின் அலட்சியமே முதன்மைக் காரணி.

முன்வரிசைப் பையன் சொன்னான்: "மொதல்ல இந்த அம்மாவத்தான் சார் உள்ள போடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். விரிவுரையாளரும் சிரித்தார். "சரி, ஏன்னு தியரியோட சொல்லு."

லிஃப்ட் அக்கா எழுந்து நின்றார். "சார், பூட்டினது அம்மா இல்ல. அக்கா."

"எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பக்கத்துல இல்ல சார்."

"ஆதாரம் இல்லாம ஊகிக்கக் கூடாதுன்னு மொத வருஷமே சொல்லிக் குடுத்தோமே. உக்காருங்க."

உட்கார்ந்தார். வகுப்பு கலைந்து, நான் ஆய்வேட்டை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து நின்றார்.

"எனக்குப் பன்னெண்டு வயசு சார். ஸ்கூல் லீவு. அம்மா ஆலைக்குப் போனதும் அவன உள்ள வெச்சுப் பூட்டிட்டு, தோழி வீட்டுக்கு டிவி பாக்கப் போயிடுவேன். மொதல்ல ஒரு மணி நேரம். அப்புறம் சாயங்காலம் வரைக்கும். ரெண்டு நாள் கதவ ஒதச்சு ஒதச்சுக் கத்தினான். மூணாவது நாள் சத்தமே இல்ல. பழகிட்டான்னு சந்தோஷப்பட்டேன்."

சொற்பட்டியலில் விரல் எதைத் தேடுகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எதுலயாவது எழுதியிருப்பாங்கன்னு பாக்கறேன். இதுதான் காரணம்னு. இல்லேன்னா, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லேன்னாவது. மூணு வருஷமா ரெண்டுமே கெடைக்கல சார்."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லையாம்.

"ஆமா, ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு வந்துச்சு. தண்டனை கொறையுமோன்னு எல்லாத்தையும் சொன்னேன். யாரு பூட்டினதுன்னு கேட்டுது. நாந்தான்னேன்."

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"அப்பவே தெரியும். சாவிய நீ வேற ஆணியில மாட்டி வெப்ப."

"ஏன் என்னைச் சொல்லல?"

"ஒரு வீட்டுக்கு ஒரு கெட்டவ போதும்டி."

மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. பற்களுக்கு நடுவே ஏதோ மாட்டிக்கொண்டது போல வாயைக் கோணிக்கொண்டார். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி விரிவுரையாளரிடம் கொடுத்துப் பார்த்தார். அவர் நல்ல மனிதர்தான். முழுவதும் படித்தாராம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வேட்டில் யாரும் கை வைக்க முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பரீட்சையில இத எழுதிடாதீங்க. திருத்துறவர் வேற ஆளு. மார்க் போயிடும்" என்றார்.

கடைசித் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. கட்டாயக் கேள்வி, இருபது மதிப்பெண்: ஏழாம் எண் கேஸில் குடும்பத்தின் பங்கை விளக்குக. வினாத்தாளை நூலகத்தில் கோத்து வைப்பதற்காக நான் தேர்வு அறை வாசலில் நின்றிருந்தேன். சீருடையோடு வெளியே வந்தார். விரல்களில் மை.

"என்ன எழுதினீங்க?"

"பக்கத்துல இருக்கிறதத்தான் எழுதினேன் சார். தாயின் அலட்சியம். நாலு பக்கம், மூணு தியரி." வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "இருபதுக்குப் பதினெட்டாவது போடுவாங்க. நல்லா எழுதியிருக்கேன்."

பிள்ளைகள் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் வெளியே நடந்தார், நானும் கூடவே போனேன். வாசல் கேட்டருகே, காவலர் கூண்டின் துண்டு நிழலில் ஒடிசலான ஓர் அம்மா நின்றிருந்தார். ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மகள் படிக்கிற இடத்தை முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தார்.

"நல்லா எழுதினியாடி?"

லிஃப்ட் அக்கா பையை என் கையில் திணித்துவிட்டு, அத்தனை பேர் நடமாடும் வழியில் அம்மாவின் காலடியில் குந்தி உட்கார்ந்தார்.

"என்னடி பண்ற? எல்லாரும் பாக்கறாங்க, எழுந்திரு."

"இரு. செருப்பு சரியா இல்ல."

அது சாதாரண ரப்பர் செருப்பு. சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. அவர் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, முதலில் இடது காலை, பிறகு வலது காலை, மறுபடியும் இடது காலைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.