தாழ்கிற மரத்தில் ஓர் ஏணி

மூதூர்க் கரையில் என் பயணிகள் வள்ளத்தில் ஏறுவதற்கு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று விளிம்பைத் தாண்டவேண்டும். ஆண்கள் தாவிவிடுவார்கள். பெண்களுக்கு நான் கைகொடுக்க முடியாது. அந்நிய ஆணின் கையைப் பிடித்து ஏறுகிற பழக்கம் அங்கே இல்லை. ஒருவரையொருவர் இழுத்து அவர்கள் ஏறும்போது வள்ளம் சரிந்து தண்ணீர் உள்ளே வரும்.

ஏணி வைத்தால் தீர்ந்தது என்று முடிவுசெய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. இலேசான பலகையில் நாலு படி வைத்து நானே அடித்து, வள்ளத்தின் பின்பக்கம் கொக்கியில் மாட்டினேன்.

முதல்நாள் ஒரு முஸ்லிம் தாயார் காலை வைக்கப் போனார். அடிப்படி மிதந்து வந்து அவருடைய முழங்காலில் இடித்தது.

"இது ஏணியா, தெப்பமா?" என்று கேட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஏணி அன்றைக்கே விறகாகியது.

மறுநாள் தச்சரிடம் போனேன்.

"தண்ணியில தாழுற மரம் வேணும்."

"வள்ளத்துக்கோ?"

"ஓம், வள்ளத்துக்குத்தான்."

என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பாலை மரத்தை எடுத்துப் போட்டார். இரும்புக் கனம்.

அடுத்த கிழமை அதே தாயார் வந்தார். புது ஏணி தண்ணீருக்குள் நேராக இறங்கி அசையாமல் நின்றது. ஒவ்வொரு படியாக ஏறினார். கடைசிப் படியில், என்னையறியாமல் நான் கையை நீட்டிவிட்டேன்.

"அதான் ஏணி இரிக்கே தம்பி," என்றார். "கைய எடுத்து வழிய விடுங்க."