சதுரத்தில் இல்லாத மலை

அந்தக் குடியிருப்பில் வானிலை அறிக்கை கேட்பவர்கள் யாரும் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் நாலடிக் குழாயைத் தோளில் சாத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறாரா என்று மட்டும் பார்ப்பார்கள். போனால் போதும், கொடியில் கிடக்கும் துணிகளையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். அந்தக் குழாய் ஒரு தொலைநோக்கி. அதன் மூடியை அவர் கழற்றிய நாளெல்லாம் மேகம் வந்து மேலே குந்திக்கொள்ளும். அதனால் அவருக்கு மழை மாமா என்றே பெயராகிவிட்டது.

ஒரு வருஷம் தண்ணீர்க் குழாயில் சொட்டுக்கூட வராத வறட்சி. குடியிருப்பே திரண்டு வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "மாமா, அதைக் கொஞ்சம் மாடிக்குக் கொண்டுபோய் வையுங்களேன்" என்று கெஞ்சியதாம். வைத்தாராம். கொட்டின கொட்டில் லிஃப்ட் குழி நிரம்பிப் பெட்டி மிதந்ததாம். தண்ணீரை இறைத்ததும் அவரேதானாம். பெட்டி மிதந்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். இறைத்தது உண்மை.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். லிஃப்ட் வரவில்லையென்று பொத்தானைப் படபடவென்று குத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஒரு தடவை அமுக்கினா அதுக்குத் தெரியும். பத்து தடவை அமுக்கினா ரெக்கை முளைச்சு வராது" என்பார். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கிரகணம் நெருங்கினால் இதே மனிதர் கைப்பேசியில் வானிலை முன்னறிவிப்பைக் குத்துகிற குத்தில் கண்ணாடி தேயும்.

மூன்று முன்னறிவிப்புகளை வைத்திருந்தார். மூன்றுக்கும் பெயர் உண்டு. எப்போதும் நிதானமாகப் பேசுவது பெரியவர். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்வது அவசரக்குடுக்கை. பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே மேகம் மேகம் என்று புலம்புவது அழுமூஞ்சி. மூன்றும் மூன்று திசையில் இழுத்தால், எது தன் மனசுக்குப் பிடித்ததைச் சொல்கிறதோ அதைத்தான் அவர் நம்புவார். வானம் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது.

முழுச் சூரிய கிரகணம் இரண்டு முறை அவர் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிருந்தது. முதல் முறை, விலகிவிடும் விலகிவிடும் என்று ஒரே இடத்தில் நின்றார். மேகம் அசையவில்லை. இரண்டாம் முறை அந்தப் புத்தியில் முன்னறிவிப்பின் பேச்சைக் கேட்டு இடம் மாறி ஓடினார். அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் வானம் கழுவிவிட்டது போல இருந்ததாம். அங்கேயே நின்ற நண்பர் படம் எடுத்து அனுப்பினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மூன்றாவது கிரகணம் வரப்போகிறது என்றபோது, பழைய ஏமாற்றத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பயம் ஒன்று வந்து சேர்ந்தது. அவர் மனைவி, "இந்தத் தடவை நானும் வரேங்க" என்றாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி குத்தியதே தெரியாது என்று வருகிறவர்கள் புகழ்வார்கள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். "என் இமைமயிர்தான் தெரியுது, நல்லா நீளமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

போன வருஷம் பரிசோதனைக் கூடத்தில் பக்கத்தில் வைத்த பஞ்சு டப்பாவை அடிக்கடி தட்டிவிட ஆரம்பித்தாள். "நரம்பு நேரா தெரியுதுங்க. பக்கத்துல வச்ச பஞ்சுதான் காணாமப் போகுது" என்றாள். கண் டாக்டர் நீண்ட நேரம் பார்த்தார். பார்வையின் ஓரங்கள் மெல்ல மெல்லச் சுவராகிக்கொண்டு வருகின்றன, நடுவில் ஒரு சன்னல்தான் மிச்சம், அதுவும் சுருங்கும். எப்போது என்று தேதி சொல்ல முடியாது. இருட்டில் கண் தெரியாமல் போவதுதான் இதற்கு முதல் அடையாளம் என்றும் சொன்னார். நட்சத்திரங்கள் தன்னைவிட்டுப் போய் வெகுகாலமாயிற்று என்பதை அவள் அன்றைக்குத்தான், டாக்டரிடம், ஏதோ செருப்பு தொலைந்த மாதிரி சொன்னாள். இத்தனை நாளும் மாடிப்படியில் அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்ததை அவர் சோம்பல் என்று நினைத்திருந்தார்.

"கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்கல்ல? அதான், இருக்கறப்பவே பாத்துடறேன்" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முழுக் கிரகணம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்போது இருவரும் இருந்தால் பல் இருக்காது. அவளுக்குக் கண் இருக்காது. இதுதான், இது ஒன்றுதான்.

கிரகணத்துக்கு முதல் நாள் மூன்று முன்னறிவிப்புகளும் ஒரே குரலில் பேசின. மலை இருக்கும் பக்கம் தெளிவு. அழுமூஞ்சிகூடத் தெளிவு என்றது. அழுகிற பிள்ளை சிரித்தால் எதையோ உடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டாமா? அவர் சந்தேகப்படவில்லை. உயரத்தில் காற்று சுத்தம், அடிவானம் வரை பார்க்கலாம், வானம் பார்க்கிறவனுக்கு மலைதான் மாமியார் வீடு என்று சொல்லி, மச்சானின் வேனில் குழாயையும் மனைவியையும் ஏற்றினார். மச்சான் பிளம்பர், மனைவியின் தம்பி. எதையும் ஓடித்தான் செய்ய வேண்டும் என்பது அவன் கட்சி.

மலையுச்சியில் கைப்பேசிக் கோபுரத்தை ஒட்டி ஒரு வெட்டவெளி. காலை வானம் நீலம் என்றால் நீலம், அப்படி ஒரு நீலம். இவர்களைப் போலவே நினைத்த கூட்டம் பின்னாலேயே வந்து, குறுகலான பாதையில் கார்களை ஒன்றோடொன்று முட்டி நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தது. மச்சானின் வேன் ஒரு சாண்கூட நகர முடியாது.

சூரியனின் ஓரத்தில் நிலா முதல் கடி கடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யாரோ பிஸ்கட் தின்னிருக்காங்க" என்றாள்.

கடி பெரிதாகப் பெரிதாக வெயில் வெளுத்தது. கையில் மயிர் சிலிர்த்தது. மலைச்சரிவிலிருந்து ஒரு வெள்ளை இழை எழுந்து கோபுரத்தைச் சுற்றியது. அதன் பின்னால் இன்னொன்று.

"மாமா, அது என்ன புகையா?" என்றான் மச்சான்.

அவர் கைப்பேசியை எடுத்துக் குத்தினார். பெரியவர்: தெளிவு. அவசரக்குடுக்கை: தெளிவு. அழுமூஞ்சி: தெளிவு. திரையில் நீலம், தலைக்கு மேலே பால். நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

மூட்டத்தின் ஓட்டைகள் வழியே அவர் கீழே பார்த்தார். அடிவாரத்தில் காலையிலிருந்து சிதறிக் கிடந்த சின்னச் சின்னப் பஞ்சு மேகங்கள் கரைந்துகொண்டிருந்தன. வயல்களில் வெளிறிய வெயில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முன்னறிவிப்பு பூமியைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பார்க்கிறது. ஒரு சதுரத்துக்கு ஓர் உயரம். மேடும் பள்ளமும் சேர்த்துச் சராசரி. இந்த ஒற்றை மலை அந்தச் சதுரத்துக்குள் நசுங்கித் தரையோடு தரையாகிவிட்டது. அது சொன்ன தெளிவு கீழே இருக்கும் வயலுக்கு. வெயில் குறைந்தால் தரை குளிர்கிறது, கீழே கிளம்பும் பஞ்சு மேகத்துக்குச் சோறு கிடைக்காமல் செத்துப்போகிறது. அதே குளிர் மலையுச்சியின் ஈரக்காற்றில் பட்டால் மூட்டம் போடுகிறது. மூன்றும் பொய் சொல்லவில்லை. இல்லாத மலையின் மேல் ஏறி நின்றது அவர்தான்.

"கீழ போகணும்" என்றார்.

"எப்படி? வண்டிய மடிச்சுப் பையில போட்டுக்கவா?" என்றான் மச்சான். "நானே ஓடிப்போய் பத்து காரைத் தள்ளிப் பாத்துட்டேன் மாமா. எல்லாம் பூட்டிக் கிடக்கு."

"நடந்தா?"

"அக்காவ வச்சுக்கிட்டா? இருட்டறதுக்குள்ள முதல் வளைவத் தாண்ட மாட்டோம்."

அந்த நேரத்தில் கார்களுக்கிடையே வளைந்து நெளிந்து ஒரு பைக் வந்து நின்றது. கூரியர்க்காரி. முப்பது வயதுக்கு மேலிருக்கும். கோபுரக் காவல்காரருக்கு ஒரு பார்சலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "என்னாச்சு இந்த ஊருக்கு, எல்லாரும் வாயைப் பொளந்து நிக்கறீங்க?" என்று கேட்டபடியே வண்டியைத் திருப்பினாள்.

அவர் குறுக்கே போய் நின்றார். "அம்மா, ஒரு ஆளைக் கீழ கூட்டிட்டுப் போக முடியுமா? மேகத்துக்கு வெளிய, வெயில் தெரியற இடம் வரைக்கும்."

"ஒரு ஆள்தான். பின்னாடி பொட்டி இருக்கு. யாரு, நீங்களா?"

"இவ."

மனைவி அசையவில்லை. "நான் எதுக்கு? இத்தனை வருஷமா மாடியில பனியில நின்னது நீங்க. நீங்க போயிட்டு வாங்க."

"எனக்கு இங்க விலகிடும். குழாய விட்டுட்டு வர முடியாது."

"இந்தப் பொய்ய இன்னும் கொஞ்சம் முன்னாடியே பழகியிருக்கலாம் நீங்க."

"ஏறு."

"என்னங்க..."

"ஏறுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கத்தியது அதுதான் முதல் முறை. அவளே அசந்துபோய் ஏறி உட்கார்ந்தாள்.

அவர் கூரியர்க்காரியிடம் படபடவென்று ஒப்பித்தார். ஒளிக்கீற்று ஒரு நூல்போல இருக்கும்வரை கண்ணாடியைக் கழற்றக் கூடாது, கண் போய்விடும். நூல் அணைந்ததும் உடனே கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் கறுப்புத்தான் தெரியும். இரண்டு நிமிஷம்தான். "இருட்டுல அவளுக்குக் கண்ணு தெரியாது. கையை விட்டுடாதீங்க."

"சார், நான் பார்சலையே ஒழுங்காக் கொண்டு சேக்கறவ. ஆளைத் தொலைப்பேனா? அக்கா, இடுப்பக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. கூச்சம் வந்தா நான் சிரிப்பேன், அதுக்கெல்லாம் வண்டிய நிறுத்த மாட்டேன்."

பைக் மூட்டத்துக்குள் போய் மறைந்தது. அவர் கைப்பேசியைக் காதில் ஒட்டிக்கொண்டார். கோபுரத்தின் காலடியில் நிற்பதால் சிக்னலுக்கு மட்டும் பஞ்சமில்லை.

காற்று இரைச்சல். "எங்க இருக்கீங்க?"

"வெள்ளையாத்தான் இருக்கு... வெள்ளையாத்தான் இருக்கு... ஏங்க, இவ வண்டி ஓட்டறாளா பறக்கறாளான்னு தெரியல... வந்துட்டோம்! வெளிய வந்துட்டோம்!"

"சூரியன் தெரியுதா?"

பிரேக் கிறீச்சிட்டது. "பக்கத்துல ஒரு மேகம் நிக்குது."

"எவ்ளோ பெரிசு?"

"கரண்டியளவு. அதுக்குள்ளதான் போயிடுச்சு சூரியன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் அவர் தோளைப் பிடித்து, "மாமா, இன்னும் கீழ போகச் சொல்லுங்க, ஓடச் சொல்லுங்க" என்று உலுக்கினான்.

கண்முன்னே இரண்டு கிரகணங்களும் வந்து நின்றன. நின்றும் கெட்டிருக்கிறார், ஓடியும் கெட்டிருக்கிறார். அங்கே இருப்பது அவரல்ல. சொல் மட்டும் அவருடையது.

"ஓரம் எப்படி இருக்கு? மேகத்தோட ஓரம். கெட்டியா இருக்கா, நைஞ்சு இருக்கா?"

"என்கிட்டப் போய் ஓரத்தக் கேக்கறீங்களே... இருங்க இருங்க, இவ சொல்றா. நைஞ்சு போயிருக்காம். பழைய துணி மாதிரி."

"அப்ப நகராத. அங்கயே நில்லு."

"மாமா!" என்று கத்தினான் மச்சான்.

"நில்லு. அது கரையும்."

மலையின் மேல் மூட்டம் சாம்பலாகி, சாம்பல் கரியாகிக்கொண்டு வந்தது. தூரத்துக் கார்கள் மறைந்தன. வழிகாட்டிப் பலகை மறைந்தது. "கரையுதா?" என்றார். "கண்ணாடி போட்டிருக்கியா? நூல் தெரியுதா?"

"நூல்தான்... வளையல் துண்டு மாதிரி..."

பிறகு கூரியர்க்காரியின் அலறல் ஒன்று. தடால் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"கழட்டினியா? கழட்டிடு! கழட்டினியா?" அவர் கத்திக்கொண்டே இருந்தார். சுற்றிலும் தார் ஊற்றியது போல இருட்டு. தன் கையே தெரியவில்லை. இப்படித்தான் இருக்குமா அவளுக்கு மாடிப்படி என்று ஒரு நினைப்பு வந்து போனது. கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். மேலே ஏதோ நடந்துகொண்டிருந்தது. அவருக்கு அது வெறும் குளிர். போனுக்குள் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

பிறகு மூட்டம் வெளுத்தது. முடிந்துவிட்டது.

பைக் திரும்பி வரும்வரை அவர் தொலைநோக்கிக்கு மூடிகூடப் போடவில்லை. கூரியர்க்காரி வண்டியை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னைக்கு டெலிவரியெல்லாம் லேட்டு. ஆபீஸ்ல என்ன சொல்றதுன்னு தெரியல. போங்க சார், உங்களால" என்றாள். கண் சிவந்திருந்தது.

மனைவி இறங்கி நின்றாள். முகப்பு நொறுங்கிய கைப்பேசி அவள் கையில் இருந்தது.

"கீழ போட்டுட்டேன்" என்றாள். "கத்திக்கிட்டே இருந்தீங்க. எப்படிப் பாக்கறது?"

"கழட்டினியா இல்லையா? அத மொதல்ல சொல்லு."

"கழட்டினேன்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்கு எப்பவும் நடுவுல வெளிச்சம், சுத்தி இருட்டுதானே" என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "அங்க நடுவுல இருட்டு, சுத்தி வெளிச்சம். அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. ஓரம் முழுக்க, ஒரு இடம் விடாம, ஓரம் முழுக்கங்க."

மச்சான் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்திருந்தன. அவர் எழுந்திருக்கவில்லை.

"எந்தப் பக்கம் அதிகமா நீண்டிருந்துது?"

"ரெண்டு பக்கமும். வலதுபக்கம் கொஞ்சம் கூட."

"என்ன நிறம்?"

"வெள்ளைன்னு சொன்னா தப்பு. இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன்" என்று அவள் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கூரியர்க்காரியும் வண்டியை அணைத்துவிட்டு, "அக்கா, ஓரத்துல செவப்பா ஒரு பொட்டு தெரிஞ்சுதே, அத விட்டுடாதீங்க" என்றபடி கிட்டே வந்தாள்.