வக்கடையில் கட்டிய குழை

அந்தப் பொய்யைக் கட்டியவன் நான்தான். கட்சியைச் சொல்லலாம், காலத்தைச் சொல்லலாம், வயதைச் சொல்லலாம். எல்லாம் சாக்கு. வாய் என்னுடையது.

எழுபதுகளின் கடைசியில் நடந்த ஒரு தேர்தல். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் வேலைவெட்டி இல்லாமல் திரிந்த இளந்தாரி நான். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். எங்கள் கட்சிக்காரர்கள் கார்க் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டி, என்னை உள்ளே ஏற்றி, கரையோரம் முழுக்கக் கொண்டு திரிந்தார்கள். வென்றால் எனக்கு வாத்தியார் வேலை என்பது பேச்சு. எதிர்த்து நின்றவரும் எங்கள் ஊரவர்தான், எங்கள் பள்ளியில் தொழுகிறவர்தான். அவரைத் திட்டுவதற்கு ஒரு குறை தேடினேன், கிடைக்கவில்லை. ஆகவே ஒன்றை உண்டாக்கினேன்.

கடைசிக் கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நம்மட வட்டைய அந்தாள் தமிழாக்களுக்கு எழுதிக் குடுத்திட்டாரு. காணிப் படம் கீறி முடிஞ்சிது! இந்த ரெண்டு கண்ணாலயும் கண்டன். நம்மட காணியெல்லாம் சிவப்பு. மூணு பள்ளியும் கறுப்புப் புள்ளி. நம்பாட்டி வயலுக்குப் போய்ப் பாருங்க. வக்கடையில குழை கட்டியிரிக்கானுகள். அது என்னத்துக்கு அடையாளம்?"

வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்த வெளி. வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் இறங்க வெட்டிய வாய். வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வரும் நாட்களில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். யாருடைய முறையோ அவருடைய வக்கடையில் ஒரு கம்பை நட்டு, அதில் பச்சை இலைக்கொத்து ஒன்றை, குழையை, கட்டிவிடுவார்கள். குழை நிற்கும்வரை வேறு எவனும் அந்தத் தண்ணீரில் கைவைக்க மாட்டான். சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நான் விவசாயி பிள்ளை. வாப்பாவின் சைக்கிளில் முன்னால் குந்திப் போன காலத்திலிருந்து குழையைத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

குழை கட்டுகிறவர் வட்டவிதானை. தண்ணீருக்குப் பொறுப்பான ஆள். எங்கள் வட்டவிதானை அடுத்த ஊரான காரைதீவைச் சேர்ந்த தமிழர். வட்டையில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள், முஸ்லிம்கள். இருந்தும் ஒவ்வொரு போகமும் ஆரம்பக் கூட்டத்தில் அவருக்குத்தான் கை உயர்த்துவோம். தன் சொந்த மருமகன் களவாகத் தண்ணீர் திருப்பியதற்கு ஊரறிய ஏசிய மனுசன் அவர். அதோடு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் வயலுக்குப் போவதில்லை. அன்றைக்கு யாருடைய முறை வந்தாலும், நாங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகட்டும் என்று அவரே வாடியில், வயல் காவல் குடிசையில், தனியாக இருந்து தண்ணீர் பார்ப்பார்.

மேடைக்கு முன்னால் இருந்த வயல்காரர்கள் சிரித்தார்கள். "வாயப் பாரு இவண்ட!" என்று ஒருவர் சொன்னதும் கேட்டது. பின்னால், றோட்டோரம் நின்ற கடைத்தெரு ஆட்கள் சிரிக்கவில்லை. சேற்றில் கால் வைத்தறியாதவர்கள் அவர்கள். கைதட்டல் அங்கிருந்துதான் பலமாக வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வென்றோம். வேலை கிடைத்தது. அடுத்த மாதம் சந்தைக்கு முன்னால் வட்டவிதானை என்னைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கினார்.

"என்ன தம்பி, நான் குழை கட்டினா நாடு பிரியுமாமே? இனி உங்கட வயலுக்கு வாழைப்பழச் சீப்பொண்டக் கட்டுறன், சரிதானே?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சும்மா தேர்தல் கதைதானே அண்ணே என்றேன். வெட்கம் கெட்டவன்! அந்த இடத்திலாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

எண்பதுகளின் நடுவில் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மேடைகளில் தமிழர்களைப் பற்றிக் கதை, அவர்களுடைய மேடைகளில் எங்களைப் பற்றிக் கதை. காலையில் தேநீர்க் கடையில் "இப்பிடியாம்" என்று தொடங்கியது, லுஹர் தொழுகைக்குள் "இப்பிடித்தான்" என்று முடிந்துவிடும். ஹர்த்தால் என்றார்கள். கடைகளை மூடினார்கள். காரைதீவுக்கும் எங்களுக்கும் நடுவே போகிற பஸ்கூட நின்றுபோயிற்று.

அப்படியொரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சோறு தின்றுவிட்டு விறாந்தையில் இருந்தேன். ஏழெட்டு வாலிபர்கள் படலையைத் திறந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் புடவைக்கடை வைத்திருப்பவன். மடித்த தாள் ஒன்றை என் முன்னால் விரித்தான்.

"சேர், நீங்க அண்டைக்குச் சொன்ன படம் இதுதானே?"

சிவப்பு மையில் எங்கள் வட்டை. மூன்று கறுப்புப் புள்ளிகள்.

"இது எங்கால?"

"ஒராள்ட்ட இருந்து பாத்துக் கீறின. அவருக்குக் கொழும்பில இருந்து வந்ததாம்."

என் வாயிலிருந்து புறப்பட்டது கொழும்புக்குப் போய், தாளில் ஏறி, என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

"காலையில வயலுக்கும் போய்ப் பாத்தம் சேர். குழை கட்டியிரிக்கி. அந்தக் கிழவன் வாடியில தனிய இரிக்கான். போய்க் கேக்கப் போறம்."

ஒருவன் கையில் அலவாங்கு, குழி தோண்டும் கனத்த இரும்புக் கம்பி, இருந்தது. கேட்கப் போகிறவனுக்கு அலவாங்கு எதற்கு?

"டேய், அது பொய்டா!" என்று கத்தினேன். "வோட்டுக்கு நான் கட்டின பொய். படமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குழை தண்ணி முறைக்குக் கட்டுறது."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புடவைக்கடைக்காரன் தாளைப் பக்குவமாக மடித்தான்.

"சேர் பயந்திட்டாரு. பாவம், குடும்பம் இரிக்கித்தானே. நீங்க வீட்டுக்குள்ள இரிங்க சேர், நாங்க பாத்துக்குவம்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் எனக்காக இரக்கப்பட்டான். பொய் சொன்னபோது என்னை நம்பியவர்கள், உண்மையைச் சொன்னதும் எனக்குப் பைத்தியமோ என்று பார்த்தார்கள். இரண்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் தனியாகப் பின்னால் ஓடிப் பயனில்லை. குழையைப் பற்றித் தெரிந்த வயல்காரர்கள் வேண்டும். வெள்ளிக்கிழமை, எல்லாரும் வீட்டில் சாய்ந்து கிடப்பார்கள். அவர்கள் எல்லாரையும் ஒரே மூச்சில் எழுப்ப ஊரில் ஒரு சாமான்தான் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு மிதித்தேன்.

பள்ளித் தலைவர் எங்கள் கட்சிக்காரர். அந்தக் கடைசிக் கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்தவரும் அவர்தான். மைக் அறைத் திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. விசயத்தைச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரா? இது பாங்கு சொல்லவும் ஆரும் செத்தா மௌத்துச் சொல்லவும் உள்ள மைக். இத்தன வருசத்துக்குப் பிறகு கட்சிர மானத்த வாங்கப் போறியா?"

"மௌத்துத்தான் காக்கா சொல்லப் போறன். இன்னம் நடக்கல்ல. சுணங்கினா நடக்கும். திறப்பத் தாங்க, இல்லாட்டிக் கதவ உடைப்பன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திறப்பைத் தந்தார்.

எத்தனை மேடை ஏறியவன் நான்! அன்றைக்குத்தான் மைக்கில் உண்மை சொல்லப் போனேன். என் பெயரைச் சொன்னேன். வாப்பாவின் பெயரையும் சொன்னேன். "தேர்தலுக்கு நான் சொன்ன படம் பொய். வல்லாஹி, அல்லா மேல ஆணையாப் பொய். குழை என்னத்துக்கெண்டு வயல்காரர் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அண்டைக்குச் சிரிச்சுப் போட்டு இரிந்தம். இப்ப நம்மட வட்டவிதானைய அடிக்கப் போயிரிக்காங்க. அவர்ட தண்ணியில விளைஞ்ச சோற இண்டைக்குத் தின்ற ஆக்கள் எல்லாரும் எழும்பி வாங்க!"

யார் வருகிறார்கள் என்று பார்க்க நிற்கவில்லை. வயல் வெளிக்கு மிதித்தேன்.

தூரத்திலேயே வாடி எரிவது தெரிந்தது. அவர் வரம்பில் குந்தியிருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. முகமெல்லாம் சேறு. அலவாங்குக்காரன் அவருக்கு மேலே நின்றான். "படம் எங்க? படத்த எடு!" என்று கத்திக்கொண்டிருந்தான். இல்லாத படத்தை அந்த மனுசன் எங்கிருந்து எடுப்பார்? நான் சைக்கிளை வாய்க்காலுக்குள் போட்டுவிட்டு இருவருக்கும் நடுவே போய் விழுந்தேன்.

அப்போதுதான் குழையைக் கண்டேன். அது கட்டியிருந்தது என்னுடைய வக்கடையில். அன்றைக்கு முறை என் வயலுக்கு; ஊர்க் கலவரத்தில் நானே அதை மறந்திருந்தேன். ஹர்த்தால், பஸ் இல்லை, ஊர் கொதிக்கிறது. அந்த மனுசன் காரைதீவிலிருந்து நடந்து வந்து எனக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது என்ட வயல்டா!" என்று அலறினேன். "எனக்குத் தண்ணி விட வந்தவர்டா! அடிக்கிறதெண்டா என்ன அடி!"

அலவாங்கு உயர்ந்தபடியே நின்றது. அதற்குள் வரம்பு வழியே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சாரங்களைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முப்பது நாற்பது வயல்காரர்கள். ஒருவர் அலவாங்கைப் பறித்து வாய்க்காலுக்குள் எறிந்தார். வாலிபர்கள் கலைந்து போனார்கள். வெட்கப்பட்டுப் போனார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை. மைக்கில் என்னை எவனோ மிரட்டிப் பேச வைத்தானாம் என்று கதைத்துக்கொண்டுதான் போனார்கள்.

அவரைத் தூக்கப் போனேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்தார்.

"தம்பி, வக்கடையக் கட்டுங்க. வயல் நிரம்பிற்று."

சேற்றை அள்ளிப் போட்டு அடைத்தேன். அழுதுகொண்டே அடைத்தேன்.

உயிர் பிழைத்தார். கை நேராகவில்லை. அடுத்த போக ஆரம்பக் கூட்டத்தில், அவர் இல்லாமலே, எல்லாரும் அவருக்குக் கை உயர்த்தினோம். ஐந்து பேர் காரைதீவுக்குப் போய்ச் சொன்னோம். தேநீர் தந்தார். நன்றாகக் கதைத்தார். கடைசியில் சொன்னார்:

"கை வளஞ்சது போகட்டும் தம்பி. குழையக் கண்டா இப்ப எனக்கே பயமாக் கிடக்கு. நான் வரல்ல."

அந்தப் போகத்திலிருந்து குழை கட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் வயல். வெள்ளிக்கிழமையில் ஜும்ஆ முடிந்த கையோடு வயல். கம்பை நடும்போது றோட்டால் போகிறவனைக் கூப்பிட்டு, இது என்ன என்று சொல்லிவிட்டுத்தான் கட்டுவேன். கேட்காதவனுக்கும் சொல்வேன். வாத்தியாருக்குக் கழன்றுவிட்டது என்றார்கள். சொல்லட்டும்.

படம் இன்னும் சாகவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் எழும்பி வருகிறது. அண்மையிலும் ஒருவன் வாய்க்கால் கட்டில் சைக்கிளை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டான், "சேர், ஒரு படம் இரிக்காமே? கண்டவங்க இரிக்காங்களாம்."

"ஓம். அதக் கட்டினவன் நான்தான்" என்றேன். "இரி, முழுக்கச் சொல்றன்."