ஷூ மாற்றும் நேரம்

அம்பத்தூர் நீச்சல் குளத்தில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, வெயிலில் கறுத்த தோள். எந்தக் கணக்கையும் விரல் கணுக்களை எண்ணித்தான் சொல்வார்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். எவ்வளவு நேரத்தில் முடிப்போம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சைக்கிளை விட்டிறங்கி ஓடத் தொடங்குவதற்கு நான் இரண்டு நிமிடம் வைத்தேன். அவர் இருபது வைத்தார்.

"ஷூ மாத்த அவ்ளோ நேரமாக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு அங்கதான் வீல்சேர்ல உக்காந்துகினு இருப்பாரு. பக்கவாதம் வந்ததுலேர்ந்து நான் குடுத்தாதான் துன்னுவாரு தம்பி."

போட்டியன்று எனக்கு முன்பே சைக்கிளை முடித்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கணவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். பலர் அவரைத் தாண்டி ஓடினார்கள். நானும்தான்.

போட்டி முடியும் தறுவாயில்தான் அவர் வந்து சேர்ந்தார்.

"சொன்ன நேரம் தாண்டிடுச்சேக்கா" என்றேன்.

மூச்சு வாங்கியபடி சிரித்தார். "இன்னிக்கு இன்னும் ரெண்டு இட்லி கேட்டு வாங்கித் துன்னாரு தம்பி."

என் நேரம் என்னவென்று அவர் கேட்டார். மொத்தம் எத்தனை இட்லி என்று நான் கேட்டேன்; விரல் கணுக்களை எண்ணத் தொடங்கினார்.