இடம் மாறிய கண்

திருமணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து திரும்பும் வழியில், அண்ணி அரூர் மீன்கடையின் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு நாக்கு மீனை எடுத்தார். செருப்பின் அடிப்பாகம் போலத் தட்டையாக இருந்தது. இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில். ஊனமா என்று கேட்டேன். அண்ணி சிரித்தார். "பொறக்கும்போது ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணுதான் இருக்கும். அப்புறம் ஒண்ணு நகர்ந்து வரும்" என்றார்.

அண்ணி கடற்கரை ஊர்க்காரர். விலங்கியல் படித்து, கல்யாணத்துக்கு முன்பு ஓர் ஆய்வுக்கூடத்தில் நாக்கு மீன் குஞ்சுகளை வளர்த்தவர். அன்று மீனைத் தோலுரித்துக்கொண்டே நிறையச் சொன்னார். முட்டையிலிருந்து வரும் குஞ்சு மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்துமாம். கொஞ்ச நாளில் வலக்கண் தலையுச்சியைத் தாண்டி இடப்பக்கம் போய்ச் சேருமாம். அதன் பிறகு கடலடிதான் வாசம். கண்ணில்லாத வெள்ளைப் பக்கத்தைத் தரையில் கிடத்தி, மணலை மேலே வாரிப் போட்டுக்கொண்டு, கண்கள் மட்டும் வெளியே தெரியும்படி படுத்துக்கொள்ளும். மேல்பக்கம் மணலின் நிறத்திலேயே இருப்பதால் பக்கத்தில் போனாலும் தெரியாது. குஞ்சின் கண் நகர்வதை நுண்ணோக்கியில் பார்த்து நாள்தோறும் வரைவதுதான் அவருடைய வேலை. மயிரிழை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்றார். கடலையே பார்த்திராத எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அண்ணன் அண்ணியின் மகள் நடக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒரு மதியம் அண்ணி குழந்தையை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "என்னங்க, பாப்பாவோட வலது கண்ணு எடம் மாறியிருக்கு" என்றார். எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா, "லேசா மாறுகண்ணும்மா. வூட்டுக்கு நல்லது" என்றார். உள்ளூர் மருத்துவரும் வளர வளரச் சரியாகிவிடும் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மீனைப் பார்த்துப் பழகியவளுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் என்று அண்ணன் சலித்துக்கொண்டார். கடைசியில் அவர்கள் பெங்களூருக்கு ரயிலேறியபோது, குழந்தையின் கண் பிதுங்கியிருப்பது தெருவில் போகிறவர்களுக்கே தெரிந்தது.

கண்ணுக்குப் பின்னால் கட்டி. அது வளர்ந்து கண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. முன்பே வந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அண்ணன் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணி அதை நம்பவில்லை. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, கண்ணையும் எடுத்தார்கள். எல்லாம் செய்தும் குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தில்தான் கொண்டுபோய் வைத்தோம்.

சில ஆண்டுகள் போயின. இன்னொரு பிள்ளை வேண்டுமென்று அம்மா ஜாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு நாள் நேராகவே கேட்டார். அண்ணி கோபப்படவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "பொறந்தா அது மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருப்பேங்க. வெளையாட வுடமாட்டேன், தூங்க வுடமாட்டேன். அந்தப் புள்ள எதுக்குங்க அப்படி வளரணும்?"

அண்ணன் சாப்பிடாமல் எழுந்துபோனார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

போன மாதம் என் மகனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி ஆசையாகக் கைநீட்டி அவனை வாங்கினார். முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி மடியில் உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தபடி என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்வரை அவனைத் தன் பக்கம் திருப்பவே இல்லை.