மடங்காத முழங்கை

காப்பி இன்னும் வேண்டுமென்றாலும் என் தங்கை மரில்சா கையைத் தூக்கித்தான் கேட்பாள். முழங்கை மடங்காது, விரல்கள் சேர்ந்திருக்கும், நான் பார்க்கும்வரை இறங்காது. "மடங்குன கைய எண்ண மாட்டாங்கக்கா" என்பாள்.

சாந்தா ரீட்டா குன்றில் வீடு வீடாகப் போய் நகச்சாயம் பூசுவது அவள் தொழில். நகராட்சிப் பணத்தில் எந்த வேலை முதலில் என்று மக்களே கைதூக்கி முடிவுசெய்யும் கூட்டம் ஆண்டுக்கொருமுறை பள்ளி மைதானத்தில் நடக்கும். அதற்கு ஆள் சேர்ப்பதும் சாயத்தோடு நடந்துவிடும். "காயிற வரைக்கும் எங்க ஓடுவீங்க? சொல்றதக் கேளுங்க." பிரேசில் அணியின் பந்தாட்டம் இருந்த மாலையில்கூட எங்கள் தெருவை இழுத்து வந்துவிட்டாள். உயர்ந்த கைகளின் நக நிறத்தை வைத்தே யார் வந்தார்கள், யார் டிமிக்கி கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுவாள். அவள் மேடையேறினால் தெரியாதவர்களிடமும் "என் தங்கச்சி" என்பேன்.

எங்கள் தெருவுக்கு, மேலே உள்ள மலைச்சரிவைத் தாங்க ஒரு சுவர் வேண்டும். கீழ்த்தெருவுக்குச் சாக்கடை. பணம் ஒன்றுக்குத்தான் போதும். மரில்சா பேசி முடித்தாள்: இந்த முறை அவர்களுக்கு எங்கள் கை, அடுத்த ஆண்டு எங்களுக்கு அவர்கள் கை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம்.

"தாராளமா விட்டுக்குடுத்தடி! உன் முறை வர்ற வரைக்கும் மலை காத்திருக்குமா?" என்றாள் பக்கத்து வீட்டு சொராய்டே, வலக்கையை அவளிடம் நீட்டியபடி.

"காத்திருக்கும். நீ மொதல்ல கைய ஆட்டாம இரு."

முணுமுணுத்தாலும் சொராய்டே சாக்கடைக்குக் கைதூக்கினாள்.

சாக்கடை வந்தது. பிறகு புது மேயர் வந்தார். கூட்டமே வேண்டாமென்று நிறுத்தினார். ஜனவரி மழையில் சரிவு இறங்கியது. மண்ணுக்குள் தெரிந்த ஒரு கையின் சிவப்பு நகங்களைப் பார்த்து, "சொராய்டே" என்றவள் மரில்சாதான். முந்தின நாள் அவள் பூசியது.

அடக்கத்தில் சொராய்டேயின் மகன் மரில்சாவின் அருகே வந்தான். "நம்ம முறை வந்துருச்சு, பாத்தீங்களா அத்தை?"

இப்போது நகரமன்றம் கூடும் நாளெல்லாம் மரில்சா பார்வையாளர் மாடத்தில் போய் உட்காருகிறாள். சென்ற செவ்வாய் நானும் போனேன். சுவர் விஷயம் வந்தது.

"ஆதரிப்பவர்கள்?" என்றார் தலைவர். கீழே சில கைகள் அரைகுறையாக உயர்ந்தன. மாடத்தில் மரில்சா எழுந்து கையைத் தூக்கினாள்.

"எறக்குங்கம்மா. இங்க உள்ளவங்க கை கணக்குல வராது" என்றார் காவலர்.

தீர்மானம் தோற்றதென்று தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். கை கனத்தும் அவள் இறக்கவில்லை. இடக்கையைக் கொடுத்து முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.